முடிந்த வழக்கின் முகவரி

கணவனிடமிருந்து சட்டப்படி பிரிந்தாயிற்று. ஆனால் பிரிந்ததற்கு அத்தாட்சி கையில் இல்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப்பட்ட பெண்களை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வழக்கு நடந்தபோது அப்பா கூட வந்தார், அண்ணன் கூட வந்தார், மற்றதை வக்கீல் பார்த்துக்கொண்டார். தீர்ப்பாகிவிட்டது என்று ஒருநாள் யாரோ வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அதோடு வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. முப்பது நாற்பது வருஷம் கழித்து ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ ஓர் அலுவலகத்தில் அந்தத் தாளைக் கேட்கும்போதுதான், அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி வருகிறது.

1980களின் நடுவில் நான் பொன்னேரியில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அப்போது இது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று பிறக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. கழனி வேலையை விட்டு இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு ஆண்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். மாதச் சம்பளம் வந்தது. வீட்டைப் பிரிந்து அறை எடுத்துத் தங்கும் வழக்கமும் சேர்ந்து வந்தது. கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் எங்கள் ஆபீஸ் திண்ணையில் வந்து உட்காரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

அன்று ஒரு வழக்கைக் கண்டுபிடிக்க ஒரே வழி குமாஸ்தா ஐயா. நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். கட்சிக்காரர் பெயர், ஊர், எதிர்க்கட்சி, ஓ.பி. (அசல் மனு) எண், வாய்தா தேதி எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாதது அவர் தலைக்குள் இருக்கும். "ஆரம்பாக்கத்துப் பொண்ணு, அண்ணன் லாரி ஓட்டறவன்" என்று சொன்னால் போதும், வழக்கு எண்ணைச் சொல்லிவிடுவார். சீனியர் காலமாகி, குமாஸ்தாவும் ஊர் திரும்பிய பிறகு அந்த நோட்டுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஆபீஸில் மட்டும் நடந்ததல்ல இது. தாலுகா ஊர்களில் ஒரு வக்கீல் ஆபீஸ் மூடப்படும்போது சில நூறு குடும்பங்களின் வழக்கு எண்களும் அதோடு போய்விடும்.

எண் தெரிந்தாலும் நகல் வாங்குவது தனி வேலை. மனு எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகல் பிரிவில் கொடுக்கவேண்டும். முடிந்த வழக்கென்றால் ரெக்கார்ட் ரூமிலிருந்து கட்டு இறங்கி வரவேண்டும். வந்த பிறகு எத்தனை பக்கம் என்று கணக்குப் போட்டு, எத்தனை நகல் முத்திரைத்தாள் கட்டவேண்டும் என்று நோட்டீஸ் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். பட்டியலைப் பார்த்துக் கெடுவுக்குள் கட்டவேண்டும். தவறினால் மனு அடிபட்டுப் போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். எளாவூரிலோ மாதர்பாக்கத்திலோ இருக்கிற ஒரு பெண் அந்தப் பலகையைத் தினமும் எப்படி வந்து பார்ப்பாள்? அவளுக்காக குமாஸ்தா பார்ப்பார். அவர் பார்க்காவிட்டால் இல்லை.

தாள் கட்டியதும் தட்டச்சர் அடிப்பார். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். கடைசிப் பக்கத்தின் பின்னால் ஊதா மையில் ஒரு முத்திரை விழும். மனு கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக ஐந்து தேதிகளைக் கையால் எழுதி நிரப்புவார்கள். படிப்பவர்கள் பொதுவாக அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்ப்பதில்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கு உயிர் அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது. நகல் வாங்க ஆன காலத்தை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழிக்கலாம் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் அந்தக் கெடு முன்பு 30 நாள்தான். 2003இல்தான் 90 நாள் ஆயிற்று. 30 நாளில் முடிவெடுக்கவேண்டிய பெண்ணுக்கு அந்த ஐந்து தேதிகள் எவ்வளவு பெரியவை என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு வாசலையும் திறந்தது. அதற்கு முன், கல்யாணம் நடந்த ஊர், எதிர்க்கட்சி இருக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் ஒன்றின் நீதிமன்றத்தில்தான் பொதுவாக மனுப் போடமுடியும். தாய்வீட்டுக்கு வந்துவிட்ட மனைவி, தான் இருக்கிற ஊரிலேயே போடலாம் என்ற உரிமை 2003இல்தான் வந்தது. நாங்கள் இருப்பதோ எல்லைப்பகுதி. சூளூர்பேட்டையிலும் சத்தியவேட்டிலும் தடாவிலும் பெண் கொடுத்து எடுப்பது இங்கே தலைமுறை வழக்கம். அதனால் பழைய வழக்குகள் பலவும் ஆந்திரத்து நீதிமன்றங்களில் இருக்கின்றன. சில கட்டுகளில் பாதித் தாள் தெலுங்கில் இருக்கும்.

ஜீவனாம்ச உத்தரவுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் கொடுக்கக்கூடிய தொகைக்கு மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001 வரை இருந்தது. பெண்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் பழைய எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) உத்தரவுகளில் 150, 200 என்று பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது. அந்தப் பணம் ஒழுங்காக வந்ததா என்பது வேறு கதை. ஆனால் அந்த உத்தரவைப் பத்திரமாக வைத்திருந்த பெண்ணுக்குப் பின்னால் அது வேறொரு வகையில் உதவியிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

இன்றைக்கு வருவோம். 2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தால் கீழமை நீதிமன்றங்கள் கணினிக்கு மாறின. தாக்கலாகும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று விழுகிறது. அதைக் கைபேசியில் அடித்தால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் என்ன நடந்தது, எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் தெரிகிறது. எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையும் வைத்தும் தேடலாம். சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பையன் ஒருவன், தன் ஊரில் மனைவி போட்ட ஜீவனாம்ச வழக்கின் தேதியை ஷிப்ட் முடிந்து வந்து டீக்கடையில் உட்கார்ந்தபடியே பார்த்து எனக்குக் காட்டினான். சம்மனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்களையும், வாய்தா தெரியாமல் எக்ஸ்பார்ட்டி ஆகி, வராமலேயே தோற்றவர்களையும் பார்த்த எனக்கு அது பெரிய சந்தோஷம். நோட்டீஸ் பலகைக்கு முன்னால் நின்று கால் வலித்த தலைமுறைக்குத்தான் இதன் அருமை முழுதாகத் தெரியும்.

ஆனால் 1990க்கு முன் முடிந்துபோன வழக்கை அதே கைபேசியில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வழக்கு இல்லை என்று அர்த்தமில்லை. அது இன்னும் காகிதத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல், "நெட்ல இல்லையாம், அப்போ கேஸே நடக்கல போல" என்று சொந்தப் பிள்ளைகளே அம்மாவைச் சந்தேகப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா போன வருஷம் வந்தார். அறுபதைத் தொட்ட வயது. சின்ன வயதில் ஒரு கல்யாணம், அது முறிந்து, பிறகு சிப்காட் தொழிலாளி ஒருவரை மறுமணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தியவர். அந்த இரண்டாவது கணவர் காலமாகிவிட்டார். 1995ஆம் ஆண்டு பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் விதவைக்கு வரவேண்டிய மாதப் பணத்துக்கு விண்ணப்பித்தபோது, கணவரின் உறவினர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள். முதல் கல்யாணம் ரத்தாகவே இல்லை, ஆகையால் இரண்டாவது செல்லாது என்றார்கள். இந்துத் திருமணச் சட்டப்படி முதல் மணம் நிலுவையில் இருக்கும்போது செய்த மறுமணம் செல்லாதுதான். ஆகவே அந்த அம்மாவின் முப்பது வருஷ வாழ்க்கை முழுதும், யாரும் பார்த்திராத ஒரு விவாகரத்து உத்தரவில் வந்து நின்றது.

நான் முதலில் கேட்டது, "தீர்த்துவிட்டது ஊர்ப் பஞ்சாயத்தா, கோர்ட்டாம்மா?" என்று. இந்தப் பக்கத்தில் இரண்டையும் 'தீர்த்து வுட்டாங்க' என்றே சொல்வார்கள். சாதி வழக்கப்படி பிரிந்ததை இந்துத் திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கம் இருந்தது என்பதை மெய்ப்பிக்கவேண்டும், அது நீண்ட பாடு.

"கோர்ட்டுதாம்மா. எங்கப்பா கூட ரயில் ஏறிப் போனேன். பட்டணத்துல எறங்கி இன்னொரு ரயில் மாறினோம். உள்ள கூப்புட்டு, சேர்ந்து வாழ இஷ்டமாம்மான்னு அய்யா கேட்டாரு. நான் அழுதேன்."

ரயில் மாறியதாகச் சொன்னவுடன் எனக்குத் திசை தெரிந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி வண்டியில் சென்ட்ரலுக்கு வந்து, எதிரே பார்க் ஸ்டேஷனில் ஏறினால் தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு. அன்றைய மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் இருந்தது. வருஷம் நினைவில்லை. ஆனால் "எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முந்தின வருஷம் போட்டோம், அவரு போன அப்புறம்தான் தீர்ந்துச்சு" என்றார். 1987 டிசம்பர் 24 தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்காது. ஆக வழக்குப் போட்டது 1986.

இதில் பலரும் தடுமாறுவார்கள். வழக்கு எண்ணோடு வரும் வருஷம் தாக்கலான வருஷம், தீர்ப்பான வருஷமில்லை. 1988இல் முடிந்ததென்று 1988ஆம் வருஷப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தப் பெயர் வராது. வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் எண்ணும் மாறியிருக்கும். 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி ஓரிடத்தில் குடும்பநல நீதிமன்றம் அமைந்தால், நிலுவையிலுள்ள திருமண வழக்குகள் அங்கே போய்விடும். பழைய எண்ணை மட்டும் கையில் வைத்திருப்பவர் பழைய இடத்தில் நின்று தேடிக்கொண்டிருப்பார்.

அந்த அம்மாவிடம் பழைய டிரங்குப் பெட்டியை முழுக்கக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். கொண்டுவந்தவற்றில் ரேஷன் கார்டுகளுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருந்தது. மாஜிஸ்திரேட் கொடுத்த ஜீவனாம்ச உத்தரவு அது. குழந்தைக்கும் தாய்க்கும் சேர்த்து ஒரு சிறு தொகை. அதன் இரண்டாவது பக்கத்தில், இருவருக்குமிடையே விவாகரத்து ஓ.பி. நிலுவையில் இருக்கிறது என்று எண்ணோடும் நீதிமன்றத்தின் பெயரோடும் ஒரு வரி இருந்தது. அந்தத் தாளுக்குத் துணி ஒட்டி வைத்தவர் அவருடைய அப்பா. அவர் போய் வெகுகாலமாகிவிட்டது.

எண் கிடைத்த பிறகு வழி நேர்வழி. முடிந்த வழக்கின் பதிவேட்டில் மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர், தாக்கலான தேதி, கடைசிக் கட்டத்தில் முடிவு என்று வரிசையாக இருக்கும். அந்த அம்மாவின் பெயருக்கு நேரே முடிவுக் கட்டத்தில் மனு அனுமதிக்கப்பட்டது என்று எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். பதிவேட்டில் தன் பெயர் எங்கே இருக்கிறதென்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். உத்தரவுக்கும் டிக்ரிக்கும் நகல் மனுப் போட்டு வாங்கி ஓய்வூதியக் கோரிக்கையோடு சேர்த்தோம். ஆட்சேபம் விழுந்துவிட்டது. பணம் அவர் கணக்குக்கு வருகிறது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. வேறொரு நீதிமன்றத்தில் நான் போட்ட நகல் மனு, கட்டு கிடைக்கவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்காகப் பழைய வக்கீலின் வாரிசுகளிடமும் எதிர்க்கட்சியிடமும் இருந்த தாள்களைத் திரட்டி, கட்டைத் திரும்ப உருவாக்கித் தரும்படி மனுப் போடவேண்டியதாயிற்று. காலம் கடந்த தாள்களை விதிப்படி அழிப்பதற்கு 1917ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டிலுள்ள எல்லாத் தாளும் எப்போதும் இருக்கும் என்று நம்பி இருக்கமுடியாது. தாமதிக்கத் தாமதிக்கக் கிடைப்பது குறையும்.

ஊர் மாவட்டம் மாறுவதையும் கணக்கில் எடுக்கவேண்டும். திருவள்ளூர் மாவட்டம் 1997 ஜனவரி 1 அன்று பிரிந்தது. திருத்தணிப் பக்கம் 1960 வரை ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கு அந்தப் புறத்தில் நெல்லூர் மாவட்டத்துச் சூளூர்பேட்டையும் சித்தூர் மாவட்டத்துச் சத்தியவேடும் 2022இல் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. 2019இல் செங்கல்பட்டே புது மாவட்டமாயிற்று. இன்று உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் பழைய வழக்கைத் தேடக்கூடாது. வழக்குப் போட்ட வருஷத்தில் எந்த நீதிமன்றத்தின் எல்லையில் இருந்தது என்று பார்க்கவேண்டும். அலைச்சலும் சும்மா இல்லை. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையும் திருவள்ளூர் ரயில் பாதையும் பேசின் பிரிட்ஜில்தான் சேருகின்றன. சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக இங்குள்ளவர்கள் சென்னை வரை வந்து திரும்பவேண்டும், இல்லையென்றால் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடிக்கவேண்டும். தவறான அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் கூலி போயிற்று.

யார் கேட்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். திருமண வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கவேண்டும், அவற்றை அச்சிட்டு வெளியிடக்கூடாது என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் மூடிய அறையில் விசாரிக்க வழி வைத்திருக்கிறது. வழக்கின் கட்சிக்காரர் தன் உத்தரவைத் தயக்கமில்லாமல் கேட்கலாம். மூன்றாம் மனிதர் என்றால் காரணம் சொல்லி, பிரமாணப் பத்திரம் போட்டு, நீதிமன்றத்தின் அனுமதி பெறவேண்டும். தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று சிலர் வருகிறார்கள். நீதிமன்ற விதிகளில் வழி இருக்கும்போது அந்த வழியில்தான் நகல் பெறவேண்டும் என்று குஜராத் உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்தக் கதவு இறுக்கமாக இருப்பது சரியென்றே நான் நினைக்கிறேன். ஒரு பெண் நீதிபதியிடம் அழுதுகொண்டே சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியில் படிக்கக்கூடாது. ஆனால் அவளுக்கே அந்தக் கதவு இறுக்கமாக இருக்கக்கூடாது.

இப்போது வழக்கு முடிகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் சொல்லி அனுப்புவது இதைத்தான். சி.என்.ஆர். எண், ஓ.பி. எண், தாக்கலான வருஷம், தீர்ப்பான தேதி, நீதிமன்றத்தின் முழுப் பெயர் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள், கைபேசியிலும் படமெடுத்து வையுங்கள். விவாகரத்து டிக்ரி கொடுத்தால் இரு தரப்புக்கும் ஒரு நகலை இலவசமாகத் தரவேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டம் 23(4) சொல்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவும் உத்தரவு நகல் இலவசம் என்கிறது. அப்போதே கேட்டு வாங்குங்கள். பழைய வழக்கைத் தேடவேண்டுமென்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானச் சான்றெல்லாம் தேவையில்லை.

அரசும் நீதித்துறையும் செய்யவேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வதும் அதில் அடக்கம். மலை மலையாகக் கிடக்கும் தாள்கள் எல்லாம் ஏறி முடிய வருஷங்கள் ஆகும். அதற்குமுன், 1955 முதல் உள்ள திருமண ஓ.பி. பதிவேடுகளுக்கு மட்டுமாவது பெயர், ஊர், எண், வருஷம் கொண்ட ஓர் அட்டவணை போடலாம். பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டாம். நீதிமன்ற உதவி மையத்தில் உள்ள ஊழியர் ஒருவர், வந்திருக்கிற பெண்ணின் ஆதாரைப் பார்த்துவிட்டு, உங்கள் வழக்கு இன்ன நீதிமன்றத்தில் இன்ன எண் என்று எழுதிக்கொடுத்தால் போதும். குமாஸ்தா ஐயா நினைவில் வைத்திருந்ததை நீதிமன்றம் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

1980களில் வழக்காடிய பெண்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். அந்தத் தாள் அவர்களுக்கு இப்போதுதான் தேவைப்படுகிறது. ஸ்கேன் வேலை எந்த வருஷத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் அந்த வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பழைய வருஷங்களிலிருந்து தொடங்கவேண்டும்.